விலங்கைப் பார்த்து ரோபோ செய்வதென்றால் எதைப் பார்ப்பது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். விலங்கு மாதிரி நடந்துகொள்ளும் ரோபோ ஒன்று செய்ய ஆசை. உருவத்தைக் காப்பியடிப்பதா, மூளையைக் காப்பியடிப்பதா? ஒரு நியூரல் நெட்வொர்க்கை, அதாவது நரம்பணு வலையின் சாயலில் எழுதிய, தானே கற்கும் நிரலைப் பயிற்றுவித்து உள்ளே வைத்துவிட்டால் அதுவே மூளை ஆகிவிடாதா? எங்கிருந்து தொடங்குவது?

என்னைக் கேட்டால் உருவத்தையும் விடுங்கள், மூளையையும் விடுங்கள். வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். ஒரு விலங்கு ஒரு காரியத்தைச் செய்யும்போது அதில் மூளை செய்வது எவ்வளவு, தண்டுவடம் செய்வது எவ்வளவு, காலின் வளைவும் தோலின் இழுவையும் சும்மாவே செய்து முடிப்பது எவ்வளவு, தரையும் தண்ணீரும் செய்துகொடுப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் உருப்படியாக வந்த ரோபோக்கள் எல்லாமே இந்தக் கணக்கில் ஏதாவது ஒன்றைச் சரியாகப் பிடித்தவை. நாய் முகம் ஒட்டிய பொம்மைகளையும், நியூரான் என்று பெயர் சூட்டிய நிரல்களையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய ஆமைகளிலிருந்து தொடங்குகிறேன். வில்லியம் கிரே வால்டர் என்பவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து பர்டன் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி வேலையில் முன்னோடி. 1948-49 வாக்கில் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். மூன்று சக்கரம், ஒரு ஒளி உணரி, ஓடு எதிலாவது இடித்தால் தெரிவிக்கும் ஒரு தொடு சுவிட்சு. ‘மூளை’ என்று இருந்தது இரண்டே இரண்டு வால்வு, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்கள். அந்தக் கால ரேடியோப் பெட்டியில்கூட இதைவிட அதிக வால்வு இருக்கும்.

அந்த ஆமை இருட்டில் வளைந்து வளைந்து தேடும். மிதமான வெளிச்சம் கண்டால் அதை நோக்கிப் போகும், மிக அதிகமானால் விலகும், எதிலாவது முட்டினால் வெளிச்சத்தை மறந்துவிட்டுத் தள்ளித் திணறி வெளியே வரும். என்னை எப்போதும் கவர்வது பேட்டரி விஷயம். பேட்டரி தீர்ந்துபோகும் நேரத்தில் ஆமை தானே தன் கூண்டுக்குத் திரும்பி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கூண்டுக்குள் பிரகாசமான விளக்கு இருக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்த வெளிச்சம் ஆமைக்குத் தாங்காது, விலகிப் போய்விடும். பேட்டரி இறங்கினால் ஒளி உணரியின் பெருக்கியும் சேர்ந்து மந்தமாகிறது. அதனால் அதே விளக்கு இப்போது மிதமானதாகப் படும், ஆமை நேராக உள்ளே போகும். பேட்டரியை அளக்க ஒரு சென்சார் இல்லை, ‘பசித்தால் வீட்டுக்குப் போ’ என்று ஒரு கட்டளை இல்லை. ஒரு குறைபாட்டையே வேலைக்காரனாக்கிவிட்டார்.

ஆனால் வால்டரின் உற்சாகம் கொஞ்சம் மிகை. ஆமையின் மூக்கில் ஒரு சிறு விளக்கு உண்டு, வேறு வெளிச்சம் கண்டால் அது அணையும். கண்ணாடி முன் நிறுத்தினால் தன் விளக்கைத் தானே கண்டு அணைக்கும், அணைந்ததும் வெளிச்சம் இல்லை என்று மறுபடி ஏற்றும், அப்படியே மினுமினுத்து ஆடும். இதையே ஒரு விலங்கிடம் பார்த்தால் தன்னை அறிவதற்கு அடையாளம் என்று சொல்லிவிடுவோம் என்றார் அவர். பார்க்கிறவர் தலைக்குள் நடப்பதை இயந்திரத்தின் தலையில் ஏற்றிவிடும் இந்தப் பழக்கம் இந்தத் துறையின் தீராத நோய். இத்தாலியரான வாலன்டினோ பிரைட்டன்பர்க் என்ற மூளை ஆய்வாளர் 1984இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: எளிய உறுப்புகளை இணைத்துச் சிக்கலான நடத்தையை உண்டாக்குவது சுலபம், வெளியிலிருந்து நடத்தையைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான் கடினம், அப்படி ஊகிக்கும்போது உள்ளதைவிட அதிகமாகவே ஊகிப்போம். விலங்கைப் பார்க்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

வால்டருக்குப் பின் வந்தவர்கள் இந்த வழியில் போகவில்லை. 1966 முதல் 1972 வரை கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் உருவான ஷேக்கி ரோபோ முதலில் உலகத்தைப் படமாக மனதில் வரையும், பிறகு திட்டம் போடும், பிறகு நகரும். யோசித்து முடிப்பதற்குள் யாராவது ஒரு பெட்டியை நகர்த்திவிட்டால் வேலை கெட்டது. 1986இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ராட்னி ப்ரூக்ஸ் இதைத் தலைகீழாக்கினார். மேலே உட்கார்ந்து திட்டம் போடும் ஆள் வேண்டாம், சென்சாரிலிருந்து மோட்டாருக்கு நேராகப் போகும் சிறுசிறு நடத்தைகளை அடுக்கடுக்காகப் போடுவோம், மேல் அடுக்கு தேவைப்படும்போது கீழ் அடுக்கை அடக்கட்டும் என்றார். அவருடைய ஆறுகால் ரோபோ ஜெங்கிஸ் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. உள்ளே 57 சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுத் துண்டுகள், நடுவில் தலைவன் கிடையாது. அவர் சேர்ந்து தொடங்கிய ஐரோபோட் நிறுவனம் 2002இல் விற்பனைக்கு விட்ட முதல் ரூம்பா துடைப்ப ரோபோவுக்கு வீட்டின் வரைபடமே தெரியாது. ஆனாலும் வீடு சுத்தமானது.

இதெல்லாம் பொதுவான ஊக்கம்தான். ஒரு குறிப்பிட்ட விலங்கின் குறிப்பிட்ட நரம்பமைப்பை எடுத்துக்கொண்டு, இது இப்படித்தான் வேலை செய்கிறதா என்று ரோபோ கட்டிப் பார்ப்பது அடுத்த படி. அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

சுவர்க்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஆண் பூச்சி இறக்கைகளை உரசிக் கத்தும், பெண் அந்தச் சத்தத்தைத் தேடி நடந்து வரும். எந்தப் பொறியாளரிடம் கொடுத்தாலும் இதை இரண்டு வேலையாகப் பிரிப்பார்: முதலில் இது நம் இனத்துப் பாட்டுதானா என்று அடையாளம் காண், பிறகு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடி. இரண்டு மைக், ஒரு ஃபில்டர், ஒரு பாட்டு அறியும் நிரல், ஒரு திசை கணக்கிடும் நிரல். பூச்சியிடம் இருப்பது வேறு. அதன் காதுகள் முன்னங்கால்களில் இருக்கின்றன. பாட்டின் அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் அலைநீளம் சுமார் 7 செ.மீ. பூச்சியின் உடலோ அதைவிட மிகச் சிறியது. இரண்டு காதிலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே நேரத்தில்தான் விழும். அப்படியிருந்தால் திசை எப்படித் தெரியும்?

இரு காதுகளையும் உடலுக்குள்ளே ஒரு மூச்சுக்குழல் இணைக்கிறது. ஒவ்வொரு செவிப்பறையையும் சத்தம் வெளியிலிருந்தும் தள்ளும், மறுபக்கத்திலிருந்து குழல் வழியே சற்றுத் தாமதமாக வந்து உள்ளிருந்தும் தள்ளும். இரண்டும் சேர்ந்தோ எதிர்த்தோ அதிர்வதால் சத்தம் வரும் பக்கத்துக் காது பலமாக அதிரும், மறு காது அடங்கும். குழலின் நீளம் அந்த இனத்துப் பாட்டின் அலைநீளத்துக்குப் பொருந்தியிருக்கிறது. வேறு அதிர்வெண்ணில் சத்தம் வந்தால் இந்த வித்தை பலிக்காது, திசையே தெரியாது. ஆக, ‘நம் ஆள்தானா’ என்ற கேள்வியில் ஒரு பாதிக்கு விடை குழாயின் அளவிலேயே இருக்கிறது. அதற்கென்று ஒரு நரம்பணுவும் செலவாகவில்லை.

எடின்பரோவில் பார்பரா வெப் 1990களில் இதை ரோபோவாகக் கட்டினார். அவருடைய ஊகம் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தப் பக்கத்து நரம்பணு முதலில் மின்துடிப்பை விடுகிறதோ அந்தப் பக்கம் திரும்பு, அவ்வளவுதான். பாட்டில் சரியான இடைவெளி இருந்தால்தான் ‘முதலில்’ என்பதற்கு அர்த்தம் உண்டு. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் நரம்பணு ஓயவே ஓயாது, யார் முதல் என்று தெரியாது, ரோபோ திரும்பாது. எனவே தாளத்தை அடையாளம் காணவும் தனி உறுப்பு தேவையில்லை என்றார். ரோபோ ஒலிபெருக்கியைத் தேடிப் போனது. தவறான தாளம் போட்டால் அலைந்தது.

பூச்சி உண்மையில் அப்படித்தான் செய்கிறதா? கேம்பிரிட்ஜில் பெர்தோல்ட் ஹெட்விக் குழு 2004-05இல் பூச்சியை ஒரு சுழலும் பந்தின் மேல் நடக்கவிட்டு அளந்தது. பெண் பூச்சி பாட்டின் ஒவ்வொரு தனித் துடிப்புக்கும் உடனுக்குடன் சற்றே திரும்புகிறது என்பது தெரிந்தது. இது வெப்பின் எளிய திருப்ப விதிக்குச் சாதகம். ஆனால் மூளையில் தாளத்தை அடையாளம் காணும் தனிச் சுற்று ஒன்று உண்டு, அது அந்தத் திரும்பலை ஏற்றி இறக்குகிறது என்பதும் தெரிந்தது. இது பாதகம். பிற்பாடு அந்தச் சுற்றில் உள்ள சில நரம்பணுக்களையே ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார்கள்.

இதை ரோபோவின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. அந்த ரோபோ இல்லாவிட்டால் ‘அடையாளம் காண்பது தனி வேலையா’ என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க முடியாது. வாயால் சொல்லும் கோட்பாட்டில் ஓட்டைகளைக் கைவீச்சால் மூடிவிடலாம். ரோபோவில் ஒவ்வொரு ஒயரும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அடுத்தது சாலமாண்டர். நம் ஊரில் அவ்வளவாகக் காணக் கிடைக்காது. பல்லி போன்ற உருவம், ஆனால் தவளையின் உறவு. தரையில் நடக்கும், தண்ணீரில் நீந்தும். நடக்கும்போது உடல், அலை எதுவும் ஓடாமல், S வடிவில் இப்படியும் அப்படியும் வளையும், நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிவைத்துக்கொண்டு தலையிலிருந்து வாலுக்கு அலை ஓடும். இரண்டும் வேறு வேறு அசைவு. இதற்கு இரண்டு நிரல் வேண்டாமா?

இங்கே கொஞ்சம் வரலாறு தேவை. நடை என்பது அனிச்சைச் செயல்களின் சங்கிலி, ஒரு அடியின் உணர்வு அடுத்த அடியைத் தூண்டுகிறது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1911இல் தாமஸ் கிரகாம் பிரவுன் பூனையில் சோதித்தார். மூளையிலிருந்து தண்டுவடத்தைத் துண்டித்து, காலிலிருந்து வரும் உணர்வையும் நீக்கிய பிறகும் நடைக்குரிய தாளம் தண்டுவடத்திலேயே பிறக்கிறது என்று காட்டினார். பிறகு ஸ்வீடனில் ஸ்டென் கிரில்னர், தாடையில்லாத லாம்ப்ரே மீனின் தண்டுவடத்தைத் தனியே எடுத்து வைத்தாலும் அது நீச்சல் தாளம் போடுவதை நரம்பணு நரம்பணுவாக ஆராய்ந்தார். மூளை ஒவ்வொரு தசைக்கும் ஆணையிடுவதில்லை. ‘போ’, ‘வேகமாகப் போ’ என்று மட்டும் சொல்கிறது. மிச்சத்தைத் தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது.

பிரான்சில் ஜான்-மரி கபெல்கன் குழு சாலமாண்டரின் நடுமூளையில் ஒரு சிறு பகுதியை மின்னால் தூண்டியது. தூண்டல் குறைவாக இருந்தால் நடந்தது. அதே இடத்தில் தூண்டலைக் கூட்டினால் நீந்தியது. திருகுவது ஒரே குமிழைத்தான். அது எப்படி முடியும் என்று கேட்டு, சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் ஆக்கே இஸ்பெர்ட் குழு கபெல்கனோடு சேர்ந்து 2007இல் ஒரு ரோபோ சாலமாண்டரைக் கட்டியது.

அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இதுதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தின் நடுப்பகுதி. முதுகு நெடுக இருபுறமும் ஆசிலேட்டர்கள், அதாவது தாமாகவே தாளம் போடும் சிறு நரம்புக் கூட்டங்களின் கணித வடிவம். அவற்றைத் தனியே விட்டால் தலையிலிருந்து வாலுக்கு அலை ஓடும் விதமாகப் பின்னியிருக்கிறார்கள். கால்களுக்குத் தனி ஆசிலேட்டர்கள், அவை இயல்பிலேயே மெதுவானவை. கால் ஆசிலேட்டர்கள் முதுகு ஆசிலேட்டர்களைப் பலமாகப் பிடித்து இழுக்கும். தூண்டல் குறைவாக இருக்கும்போது இரண்டும் இயங்கும், காலின் மெதுவான தாளம் முதுகை அடக்கி S வடிவ நடையாக்கும். தூண்டலைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கால் ஆசிலேட்டர்கள் ஈடுகொடுக்க முடியாமல் ஓய்ந்துவிடும். பிடி விட்டதும் முதுகு தன் இயல்பான ஓடும் அலைக்குப் போய்விடும், வேகமும் ஒரேயடியாக எகிறும். நீச்சல் வந்துவிட்டது! நடையிலிருந்து நீச்சலுக்கு மாற்று என்று யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ரோபோ தரையில் நடந்து, நீருக்குள் இறங்கி, நீந்தியது. சாலமாண்டரின் நீச்சல் தாளம் ஏன் எப்போதும் நடைத் தாளத்தைவிட வேகமாக இருக்கிறது என்ற உயிரியல் கேள்விக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது.

அந்த ரோபோவின் கால் சாலமாண்டரின் கால் மாதிரியே இல்லை. சக்கரம் போல முழுச் சுற்றுச் சுற்றும் வெறும் தண்டு. அவர்கள் கேட்ட கேள்விக்குக் கால் விரல்கள் தேவைப்படவில்லை, எனவே விட்டுவிட்டார்கள். கால் வைக்கும் விதமே கேள்வியானபோது வேறு ரோபோ கட்டினார்கள். அது 2016இல் வந்த ப்ளூரோபாட். உயிருள்ள சாலமாண்டரை எக்ஸ்-ரே வீடியோவில் எடுத்து எலும்பு எலும்பாகப் பின்தொடர்ந்து, அதன் பிறகும் நாற்பது முதுகெலும்புக்குப் பதினோரு கண்ணிகளும் மொத்தம் 27 மோட்டார்களும் போதும் என்று முடிவு செய்தார்கள். எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் இந்தத் துறையின் கைத்திறன் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்க்கிறவன் எதையும் புரிந்துகொள்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதே குழு இன்னொரு வேலையும் செய்தது. தண்டுவடம்தான் தாளம் போடுகிறது என்றால் தோலின் உணர்வு எதற்கு? 2021இல் லாம்ப்ரே மாதிரி ஒரு நீச்சல் ரோபோ கட்டி, உடல் நெடுக நீரின் அழுத்தத்தை உணரும் சென்சார் வைத்தார்கள். ஆசிலேட்டர்களுக்கு இடையேயான இணைப்புகளை அறுத்துவிட்டாலும், ஒவ்வொரு கண்ணியும் தன் தோலில் படும் நீரின் தள்ளலை மட்டும் வைத்துத் தாளத்தைச் சரிசெய்துகொண்டு, உடல் முழுதும் அலை ஓடியது. சென்சாரை அணைத்தால் இணைப்புகள் காப்பாற்றின. இரண்டில் எது போனாலும் நீச்சல் நிற்கவில்லை. பூனையில் கிரகாம் பிரவுன் சொன்னதும் சரி, அவருக்கு எதிராகச் சொன்னவர்களும் முழுக்கத் தவறில்லை. இரண்டு பாதைகளும் சேர்ந்தே இருக்கின்றன, அதனால்தான் அடிபட்ட விலங்கும் நகர்கிறது. நம் ரோபோக்களில் ஒரு கேபிள் கழன்றால் கதை முடிந்தது.

உடலே செய்யும் வேலை என்றேனே, அதற்கு என் கையிலுள்ள சிறந்த சாட்சி ஒரு செத்த மீன். 2006இல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆய்வில் ஓடும் நீரில் ஒரு தடுப்பு உருளையை வைத்து, அதன் பின்னால் உண்டாகும் சுழல்களில் உயிரற்ற ஒரு ட்ரவுட் மீனை விட்டார்கள். அது ஓட்டத்துக்கு எதிராக நீந்தி முன்னேறியது! சுழல்கள் உடலை வளைக்க, வளைந்த உடல் அந்தச் சுழல்களின் ஆற்றலையே உறிஞ்சி உந்துவிசையாக்கியது. மூளையின் பங்கு பூஜ்யம்.

நடையிலும் இதே கதை. 1990இல் கனடாவில் டாட் மெகீர், மோட்டாரும் கம்ப்யூட்டரும் இல்லாத இரண்டு கால் கருவி ஒன்றை லேசான சரிவில் விட்டார். அது தானாக நடந்து இறங்கியது. காலின் நீளமும் எடை விழும் இடமும் பாதத்தின் வளைவும் சரியாக இருந்தால் நடை என்பது விழுந்து விழுந்து பிடித்துக்கொள்வதுதான். 2005இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்டி ரூயினா குழுவினர் அதற்குச் சிறிதளவு மோட்டார் உதவி கொடுத்து சமதரையில் நடக்கவைத்தார்கள். நடக்கச் செலவான ஆற்றலை (ஜூல்) எடையாலும் (நியூட்டன்) நடந்த தூரத்தாலும் (மீட்டர்) வகுத்து வரும் எண் ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் மனிதனுக்குச் சுமார் 0.2, கார்னெல் ரோபோவுக்கும் சுமார் 0.2, ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு கணமும் மோட்டாரால் கட்டுப்படுத்திய ஹோண்டாவின் ஆசிமோவுக்கு 3.2 என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அதே குழுவின் ரேஞ்சர் ரோபோ 2011 மே மாதம் ஒரே சார்ஜில் 65 கிலோமீட்டர் நடந்தது. ஆசிமோ படி ஏறியது, ஓடியது, கை குலுக்கியது. ரேஞ்சர் நடந்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை. அந்த வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. உடலிடம் வேலையைக் கொடுத்தால் சிக்கனம் வரும், கூடவே ஒரே வேலைக்குக் கட்டுப்பட்டுவிடுவோம்.

கரப்பான், பல்லி, ஆக்டோபஸ் எல்லாம் இதே வரிசையில் வருபவை. அவற்றை விட்டுவிட்டு எறும்புக்கு வருகிறேன்.

சகாராவின் கேடக்லிஃபிஸ் எறும்பு இரை தேடி வளைந்து வளைந்து நூறு மீட்டருக்கும் அப்பால் போகும், இரை கிடைத்ததும் நேர்கோட்டில் வளைக்குத் திரும்பும். சுடுமணலில் வாசனைத் தடம் நிற்காது. ஜூரிக்கின் ரூடிகர் வேனர் வாழ்நாள் முழுதும் துனிசியாவில் இதை ஆராய்ந்தார். திசைக்கு வானம் உதவுகிறது. வானத்து ஒளி தளவிளைவு (போலரைசேஷன்) அடைந்திருக்கும், அதாவது ஒளியலை பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும், அதன் அமைப்பு சூரியன் இருக்கும் இடத்தைப் பொறுத்தது, எறும்பின் கண்ணுக்கு அது தெரியும். தூரத்துக்கு என்ன வழி? 2006இல் வேனரும் சக ஆய்வாளர்களும் எறும்புகளைப் பத்து மீட்டர் தள்ளி உணவுக்கு நடக்கவிட்டு, அங்கே சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள், சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். பொய்க்கால் எறும்புகள் வளையைத் தாண்டிச் சுமார் 15 மீட்டர் வரை போய்த் தேடின, குட்டைக்கால் எறும்புகள் 6 மீட்டர்கூட வராமல் தேடத் தொடங்கின. எறும்பு அடியை எண்ணுகிறது, அல்லது அதற்கு நிகரான ஒன்றைச் செய்கிறது.

2019இல் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் ஆறுகால் ரோபோ ஒன்றில் வைத்தார்கள். ஜி.பி.எஸ். கிடையாது. வானத்தின் புற ஊதா ஒளியைப் பார்க்க இரண்டே பிக்சல், அவற்றின் மேல் சுழலும் தளவிளைவுக் கண்ணாடி, அடிக் கணக்கு, கூடவே தரை பின்னால் ஓடும் வேகத்தைப் பார்க்கும் ஒரு சென்சார். வளைந்து திரிந்துவிட்டு வீடு திரும்பியபோது பிழை பயண தூரத்தில் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் போன் ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணில் காட்சி ஓடும் வேகத்தை வைத்தே தேனீ சுவர்களுக்கு நடுவே பறக்கிறது, தூரம் அளக்கிறது, மெதுவாகத் தரையிறங்குகிறது என்று காட்டியவர் கான்பெராவில் ஆய்வு செய்த மாண்டயம் ஸ்ரீனிவாசன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். இறங்கும்போது தரைக்காட்சி ஓடும் வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டால் போதும், தரை நெருங்க நெருங்க வேகம் தானாகக் குறைந்துவிடும். உயரத்தை அளக்க வேண்டாம், வேகத்தை அளக்க வேண்டாம். ட்ரோன் செய்பவர்களுக்கு இதைவிட மலிவான தந்திரம் கிடைக்காது.

இனி உங்கள் நியூரல் நெட்வொர்க் கேள்வி. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நாற்கால் ரோபோவைக் கரடுமுரடான தரையில் நடக்கவைக்க வேண்டுமென்றால், சிமுலேஷனில் பயிற்றுவித்த நெட்வொர்க்தான் சிறந்த வழி. ஜூரிக் ஈ.டி.எச். பல்கலைக்கழகம் 2019 முதல் எனிமல் என்ற ரோபோவில் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. நான் மேலே புகழ்ந்த ஆசிலேட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவுக்குப் போக முடியாது. வேலைக்கு ரோபோ வேண்டுமென்றால் அந்த வழியில் போங்கள். ஆனால் அதை மூளை என்று சொல்லாதீர்கள். அந்த நெட்வொர்க் கணினிக்குள் ஆயிரக்கணக்கான போலி ரோபோக்களை விழவைத்துக் கற்றது. குதிரைக் குட்டி பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கிறது. அதன் ‘பயிற்சி’ தண்டுவடத்திலும் தசைநாரிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

‘அப்படியானால் உண்மையான மூளையின் இணைப்பு வரைபடத்தையே எடுத்துப் போட்டால்?’ என்று கேட்பீர்கள். சி. எலிகன்ஸ் புழுவின் 302 நரம்பணுக்களின் இணைப்புகள் 1986இலேயே வெளியாகிவிட்டன. வளர்ந்த பழ ஈயின் மூளை, சுமார் 1,40,000 நரம்பணுக்கள், 2024 அக்டோபரில் முழுமையாக வெளியானது. அற்புதமான வேலைகள். ஆனால் புழுவின் வரைபடம் கையில் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதை வைத்து மட்டும் புழுவின் நடத்தையை முழுதாக வருவிக்க முடியவில்லை. காரணத்தை நண்டின் வயிற்றில் பார்க்கலாம். நண்டின் வயிற்றை அசைக்கும் நரம்பு முடிச்சில் இருப்பது சுமார் 30 நரம்பணுக்கள். அமெரிக்காவில் ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக அதை ஆராய்ந்திருக்கிறார். இணைப்பு மாறாமலே, மேலே கசியும் வேதிப்பொருள் மாறினால் அது வேறு தாளம் போடும். இன்னொரு பக்கம், 2004இல் அவர் குழு அதன் ஒரு பகுதிக்கு இரண்டு கோடிக்கும் மேல் கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுகள் கொண்ட மாதிரிகள் ஒரே தாளத்தைத் தந்தன. வரைபடம் ஒன்றாக இருந்தால் தாளமும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை, தாளம் ஒன்று என்பதால் உள்ளமைப்பும் ஒன்று என்றும் சொல்ல முடியாது. ஒயரிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மூளையைக் கொண்டுவந்துவிட்டேன் என்பவர்களிடம் நான் இந்த நண்டைத்தான் காட்டுவேன்.

மூளையிலிருந்து சிப்புக்கு வந்தவற்றில் நிஜமாகவே பயன் தந்தது, என் பார்வையில், கண். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கார்வர் மீடும் மிஷா மஹோவால்டும் 1980களின் இறுதியில் விழித்திரையைப் போல இயங்கும் சிலிக்கான் சிப்பைச் செய்தார்கள். அதன் வாரிசுதான் ஜூரிக்கில் 2008 வாக்கில் முதிர்ந்த ஈவென்ட் கேமரா. சாதாரண கேமரா வினாடிக்கு முப்பது முழுப் படம் எடுக்கும், சுவர் மாறாமல் இருந்தாலும் முப்பது தடவை சுவரை அனுப்பும். இதில் ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் படும் ஒளி மாறினால் மட்டும் வாய் திறக்கும். 2020இல் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் இதை வைத்த ட்ரோன் எறியப்பட்ட பந்தை விலகிப் பறந்தது. பார்த்து முடிவெடுக்க ஆன நேரம் 3.5 மில்லி வினாடி.

இயற்கையிடம் தோற்கும் இடமும் சொல்லிவிட வேண்டும், அது ஆற்றல். ஹார்வர்டின் ரோபோபீ 80 மில்லிகிராம் எடையில், வினாடிக்கு 120 முறை சிறகடித்து 2013இல் கட்டுப்பாட்டோடு பறந்தது. மின்சாரமும் கட்டுப்பாட்டுக் கட்டளைகளும் ஒயரில் வந்தன. 2019இல் ஒயரில்லாமல் எழுந்தபோது பலத்த விளக்கொளியின் கீழ், ஒரு வினாடிக்கும் குறைவாக. நிஜத் தேனீ தேனைக் குடித்துவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் போகிறது. தசைக்கும் கொழுப்புக்கும் நிகரான மோட்டாரும் பேட்டரியும் இன்னும் நம்மிடம் இல்லை. சிறியதாகப் போகப் போக இது கழுத்தைப் பிடிக்கும். முதல் ரோபோவை உள்ளங்கை அளவுக்குக் குறைக்காமல் செய்யுங்கள்.

எங்கே தொடங்குவது? முதலில் இரண்டு ஒளி சென்சார், இரண்டு மோட்டார். முதலில் இடது சென்சாரை இடது மோட்டாருக்கும் வலதை வலதுக்கும் இணைத்துப் பாருங்கள், பிறகு இரண்டையும் குறுக்காக மாற்றி இணைத்துப் பாருங்கள். ஒன்று விளக்கைவிட்டு ஓடும், மற்றது விளக்கின் மேல் பாயும். ஒரு மாலை வேலை. அதன் பிறகு மட்சுவோக்கா 1985இல் எழுதிய ஆசிலேட்டர் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டி, இரண்டைப் பின்னி, எதிரெதிராகவும் ஒத்தும் தாளம் போடவையுங்கள். வன்பொருளுக்கு முன் சிமுலேஷன் வேண்டுமென்றால் வெபாட்ஸும் முஜோகோவும் இலவசம். மூன்றாவதாக ஒரு விலங்கு, ஒரே ஒரு நடத்தை.

விலங்குக்கு வெளிநாடு போக வேண்டாம். மழைக்காலத்தில் மரவட்டை எங்கும் கிடைக்கும். கண்ணாடி மேல் விட்டு, போனின் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டில் எடுங்கள். கால்களில் அலை ஓடுவது தெரியும். அலை வாலிலிருந்து தலைக்குப் போகிறதா, தலையிலிருந்து வாலுக்கா? ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தால் அந்த இடத்தில் அலை உடைகிறதா, குச்சியைத் தாண்டி ஒழுங்காகத் தொடர்கிறதா? வேகமாகப் போகும்போது அலையின் நீளம் மாறுகிறதா, கால் போடும் வேகம் மட்டும் மாறுகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் எண்ணாக விடை எடுத்த பிறகு மோட்டார் வாங்குங்கள். பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் துறை இருந்தால் அங்கே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வேலைகள் பலவற்றில் ஒரு உயிரியலாளர் கூடவே இருந்திருக்கிறார்.

ரோபோ நடக்கத் தொடங்கியதும் இரண்டு சோதனை. ஒரு மீட்டருக்கு எவ்வளவு ஜூல் செலவாகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு நடுவில் இரண்டு கால்களைக் கழற்றிவிட்டு, நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி ஓடவிடுங்கள். அப்போதும் நகர்ந்தால் எனக்கு வீடியோ அனுப்புங்கள், அடுத்ததைப் பேசலாம்.